புதிய வருடத்தில் எம்மால் முடிந்த இலக்குகள்

சொந்த ஊருக்குத் திரும்பிய பின்னர் வரும் முதலாவது புதுவருடத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்து முடிக்கவேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்பு. வீடு கட்ட வேண்டும், வேலி அடைக்க வேண்டும், அடைவு வைத்த நகையை மீட்க வேண்டும், இடையில் விட்ட படிப்பைப் பிள்ளை தொடர வேண்டும். எல்லாம் நியாயமான ஆசைகள்தான். ஆனால் பத்து வேலைகளை ஒன்றாகத் தொடங்கும் குடும்பம் சில மாதங்களிலேயே களைத்துப் போகலாம், அல்லது வட்டிக்குப் பணம் எடுக்க நேரலாம். இரண்டாவதுதான் கூடுதல் ஆபத்து.

முதலில் உங்கள் எண்ணங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பின்னர் ஒவ்வொன்றையும் பார்த்து, "இது என் கையில் உள்ளதா?" என்று கேளுங்கள். வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் வருவது உங்கள் கையில் இல்லை. காணி ஆவணம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளை ஒரு பொலித்தீன் பையில் ஒழுங்காக வைத்திருப்பது உங்கள் கையில் உள்ளது. தொலைந்தவற்றைப் பெறுவது எப்படி என்று கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ விசாரித்து விண்ணப்பிப்பதும் அப்படியே.

காணாமற்போன ஒருவர் வீடு திரும்ப வேண்டும் என்பதைச் சில குடும்பங்கள் முதலாவதாக எழுதக்கூடும். அதை அழிக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அதனை வேறொரு தாளில் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவருக்காக நீங்கள் அனுப்பவேண்டிய கடிதம், செய்யவேண்டிய முறைப்பாடு, போகவேண்டிய பயணம் என்பவற்றை மட்டும் இந்தத் தாளில் சேருங்கள். அவர் வரவில்லை என்பது நீங்கள் இலக்கில் தவறியதாக ஒருபோதும் ஆகாது.

அடுத்தது கணக்கு. கோழி வளர்த்து வருமானம் பெறுவதை எடுத்துக்கொள்வோம். அடை வைத்த முட்டை 21 நாளில் பொரிக்கும். அந்தக் குஞ்சு வளர்ந்து முட்டையிட ஏறக்குறைய ஆறு மாதமாகும். ஆகவே தையில் அடை வைத்தால் ஆடி, ஆவணியில்தான் முட்டை கிடைக்கும். பத்துக் குஞ்சில் பத்தும் மிஞ்சாது. கீரியும் பருந்தும் நோயும் பங்கு கேட்கும். பாதியை மட்டும் கணக்கில் எடுப்பது நல்லது. அப்படியானால் முதல் அரையாண்டுக்கான இலக்கு முட்டைக் காசு அல்ல. கீரி நுழையாத கூடு ஒன்றை அமைப்பதும், கால்நடை வைத்திய அலுவலகத்தில் தடுப்பு மருந்து பற்றி விசாரிப்பதுமே இலக்கு.

வீட்டுத்தோட்டத்திலும் இதே கணக்குத்தான். கீரை ஒரு மாதத்தில் கறிக்கு வரும். மரவள்ளிக்கு எட்டு, பத்து மாதம் வேண்டும். ஊர்த் தென்னை காய்க்க ஆறேழு வருடம் செல்லும். தென்னம்பிள்ளையை இந்த வருடமே நடுங்கள், ஆனால் இந்த வருட வரவில் அதைச் சேர்க்காதீர்கள்.

வாரம் 100 ரூபா சேமித்தால் வருட முடிவில் 5,200 ரூபா இருக்கும். அது நகையை மீட்கப் போதாமல் இருக்கலாம். நகை ஏலத்துக்குப் போகாமல் வட்டியைக் கட்டி வருவது இவ்வருட இலக்காகவும், மீட்பது அடுத்த வருட இலக்காகவும் இருக்கட்டும்.

மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழை. கூரை திருத்துவதும் கிணறு இறைத்துத் துப்புரவாக்குவதும் அதற்கு முன்னர் முடியவேண்டும். காணி துப்புரவாக்க நினைப்பவர்கள், மிதிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்ட இடத்தில் மட்டும் வேலை செய்யுங்கள். வருடம் பிந்தினாலும் பரவாயில்லை.

இறுதியில் தாளில் மூன்று இலக்குகள் மிஞ்சினால் போதும். அதைக் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி, மாதம் ஒருமுறை பாருங்கள். நோயாலோ மழையாலோ ஒன்று தவறினால் அதனை வெட்டாமல் மாதத்தை மட்டும் மாற்றி எழுதுங்கள். எழுதும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். தூரத்துப் பாடசாலைக்குப் போக மகளுக்கு ஒரு சைக்கிள் தேவை என்பது உங்கள் தாளில் விடுபட்டிருக்கலாம்.