ஏடிஎம் அட்டையை முடக்கிய வங்கி, இணையவழிக் கணக்கைத் திறந்து வைத்தது: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: (திண்டுக்கல் மாவட்ட வாசகி ஒருவரின் நீண்ட கடிதம் சுருக்கித் தரப்படுகிறது. வாசகியின் பெயரும் வங்கியின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன.)

வாசகி ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். மகன் வாங்கிக் கொடுத்த கணினியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் சமையல் குறிப்பு தேடிக்கொண்டிருந்தபோது, திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு அபாயச் சங்கொலியுடன் ஓர் அறிவிப்பு தோன்றி, கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதாகவும் உடனே ஒரு தொலைபேசி எண்ணை அழைக்க வேண்டும் என்றும் கூறியது. அழைத்தபோது மறுமுனையில் பேசியவர் சொன்னபடி கணினியில் ஒரு செயலியையும், வாட்ஸ்அப்பில் வந்த கோப்பைத் திறந்து கைபேசியில் இன்னொரு செயலியையும் அவர் நிறுவினார். அன்றிரவே இணையவழி வங்கிக் கணக்கிலிருந்து 49,000, 50,000 ரூபாய் என இரு தொகைகள் வெளியேறின. திங்கட்கிழமை காலை கிளைக்குச் சென்று வாய்மொழியாக முறையிட்டார். அங்கிருந்த அலுவலர் ஏடிஎம் அட்டையை முடக்கிவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். புதன்கிழமை மேலும் 80,000 ரூபாய் போயிற்று. கணினியும் கைபேசியும் பழுதுபார்க்கும் கடையில் முழுவதும் அழித்துப் புதிதாக்கப்பட்டன. பத்தொன்பதாம் நாள், மகன் ஊருக்கு வந்த பிறகே எழுத்துமூலமான புகார் அளிக்கப்பட்டது. ஓடிபி பயன்படுத்தப்பட்டிருப்பதால் தனக்குப் பொறுப்பில்லை என்று வங்கி எழுத்தில் மறுத்துவிட்டது. ஓடிபியை எவரிடமும் சொல்லவில்லை என்று உறுதியாகக் கூறும் வாசகி, 1,79,000 ரூபாயும் திரும்பக் கிடைக்குமா என்று கேட்கிறார்.

பதில்: இந்த வழக்கைத் தீர்மானிக்கப்போவது ஓடிபி அன்று, வங்கிக்குத் தகவல் எந்த நாளில் சென்றது என்பதும், அதை மெய்ப்பிக்க இயலுமா என்பதுமே.

இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் அனுமதியின்றி நடக்கும் மின்னணுப் பணப் பரிமாற்றங்களில் இழப்பை யார் ஏற்க வேண்டும் என்பதை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. குறை வங்கியினுடையதாயின், வாடிக்கையாளர் தகவல் தந்தாலும் தராவிட்டாலும் அவருக்கு இழப்பில்லை. குறை வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் இடையிலுள்ள வேறோர் அமைப்பில் இருந்தால், பரிமாற்றம் குறித்த வங்கியின் அறிவிப்பு கிடைத்த நாளை விடுத்து மூன்று வேலை நாட்களுக்குள் தகவல் தந்தவருக்கு முழுப் பாதுகாப்பு உண்டு. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் தந்தால், சாதாரண சேமிப்புக் கணக்கில் ஒரு பரிமாற்றத்திற்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை அவர் பொறுப்பேற்க நேரும். ஏழு நாட்களும் கடந்துவிட்டால் அந்தந்த வங்கியின் இயக்குநர் குழு வகுத்த கொள்கையே முடிவு செய்யும். மூன்றாவதாக, கடவுச்சொல் போன்றவற்றைப் பிறரிடம் பகிர்ந்த வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தகவல் தரும் வரையிலான இழப்பு அவரைச் சேரும், தகவல் தந்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சேரும்.

பின்னிரண்டு நிலைகளில் எதில் வைத்துப் பார்த்தாலும் திங்கட்கிழமை நிகழ்ந்த முறையீடே அச்சாணியாக நிற்கிறது. வங்கி வாதிடுவதுபோல் வாசகி கவனக்குறைவானவர் என்றே ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொண்டாலும், புதன்கிழமை வெளியேறிய 80,000 ரூபாய் வங்கியின் தலையிலேயே விழும். கவனக்குறைவு இல்லை என்று முடிவானால், வெள்ளி இரவுப் பரிமாற்றங்களும் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிக்கப்பட்டவையாகவே கருதப்படும். மாறாக, திங்கட்கிழமை முறையீட்டை மெய்ப்பிக்க இயலாமற்போனால், பத்தொன்பதாம் நாள் புகாரே முதல் தகவலாகக் கொள்ளப்பட்டு, ஏழு வேலை நாள் வரம்பு கடந்த கணக்கில் மொத்தத் தொகையும் சேர்ந்துவிடும்.

வாசகியிடம் கிளை அலுவலரின் கையொப்பமிட்ட ஒப்புகையோ புகார் எண்ணோ இல்லை. ஆயினும் அவருடைய கடிதத்தில், அவரே முக்கியமெனக் கருதாமல் எழுதிச் சென்ற ஒரு வரியில் வழக்கின் உயிர் இருக்கிறது. ஏடிஎம் அட்டை திங்கட்கிழமை முடக்கப்பட்டது என்பதே அது. அட்டை முடக்கம் வங்கியின் கணினி அமைப்பில் நாள், மணி, செய்த அலுவலரின் அடையாளம் ஆகியவற்றுடன் பதிவாகும் செயல்; வாடிக்கையாளர் ஏதோ ஓர் ஆபத்தைச் சொல்லாமல் எந்த அலுவலரும் தாமாக அட்டையை முடக்குவதில்லை. ஆகவே முறையீடு நடந்ததற்கான சான்று வங்கியின் ஏட்டிலேயே இருக்கிறது. அதே சுற்றறிக்கை, அனுமதியற்ற பரிமாற்றம் குறித்த தகவல் கிடைத்தவுடன் அந்தக் கணக்கில் மேலும் அத்தகைய பரிமாற்றம் நிகழாமல் தடுக்க வங்கி உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் பணிக்கிறது. பணம் இணையவழிச் சேவை மூலமாகப் போயிருக்க, அட்டையை மட்டும் முடக்கி அனுப்பியது வாசற்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்ததற்கு ஒப்பாகும். எழுபது வயதை நெருங்கும் ஒரு வாடிக்கையாளர் எந்தச் சேவையை முடக்கக் கேட்க வேண்டும் என்று அறிந்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமன்று, அதை அறிந்து செய்ய வேண்டியவர் அலுவலரே.

எனவே, அட்டை எந்த நாளில், எந்த மணியில், எக்காரணம் குறித்து முடக்கப்பட்டது என்ற விவரத்தையும், அன்றைய கிளைக் கண்காணிப்புக் கேமராப் பதிவைப் பாதுகாத்து வைக்குமாறும் கோரும் கடிதம் ஒன்று, ஒப்புகை பெறும் வசதியுடன் கூடிய விரைவு அஞ்சலில் உடனடியாக அனுப்பப்பட வேண்டும். கேமராப் பதிவுகள் குறிப்பிட்ட காலத்திற்குப் பின் தாமாகவே அழிந்துவிடும் என்பதால் இக்கடிதம் ஒரு நாளும் தாமதிக்கத் தக்கதன்று. அட்டை முடக்கப்பட்டதும் வந்திருக்கக்கூடிய குறுஞ்செய்தி அல்லது மின்னஞ்சல், அன்று கிளையில் பதிந்த பாஸ்புக் வரிகள் ஆகியவற்றையும் தேடி எடுக்க வேண்டும்.

ஓடிபி குறித்த வங்கியின் மறுப்புக்கு விடை காண, நடந்தது என்ன என்பதைத் தொழில்நுட்ப அளவில் சற்று விளங்கிக்கொள்வது அவசியம். முதலில் தோன்றிய எச்சரிக்கை, கணினி தந்ததே அன்று. அது விளம்பரம் போல் வந்து நின்ற ஓர் இணையப் பக்கம். ஓர் இணையப் பக்கத்தால் கணினிக்குள் வைரஸ் இருக்கிறதா என்று ஆராய்ந்து சொல்ல இயலாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் தருவதே இல்லை என்று அறிவித்திருக்கிறது. ஆல்ட், எஃப்4 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தி உலாவியை, அதாவது இணையப் பக்கங்களைக் காட்டும் மென்பொருளை, மூடியிருந்தால் அநேகமாக அதோடு முடிந்திருக்கும். மூடவில்லையெனில் கணினியை அணைத்திருந்தாலே போதும்.

அடுத்து, கணினியில் நிறுவப்பட்டது தொலைக்கட்டுப்பாட்டுச் செயலி. எங்கோ இருப்பவர் இங்குள்ள திரையைப் பார்க்கவும், சுட்டியை நகர்த்தவும், தட்டச்சு செய்யவும் இது வழி தருகிறது. அலுவலகங்கள் பழுது நீக்கப் பயன்படுத்தும் நேர்மையான கருவியே இது என்பதால் வைரஸ் தடுப்பு மென்பொருள் பெரும்பாலும் இதைத் தடுப்பதில்லை. உலாவி நினைவில் வைத்திருந்த கடவுச்சொல் இதன்வழியே திருடர் கைக்குப் போயிருக்க வேண்டும். கைபேசியில் நிறுவப்பட்டதோ தீநிரல், அதாவது பயனருக்குத் தீங்கு செய்யவே எழுதப்பட்ட மென்பொருள். பிளே ஸ்டோரில் அல்லாமல் வாட்ஸ்அப்பில் ‘ஏபிகே’ என்ற பின்னொட்டுடன் வரும் கோப்புகளில் பெரும்பாலும் இதுவே ஒளிந்திருக்கிறது. குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியை அது கேட்டுப் பெற்றுவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி உரியவர் கண்ணில் படுமுன்பே திருடரைச் சென்றடையும். அந்தச் செய்தியை மறைத்துவிடவும் அதனால் இயலும். வாசகி ஓடிபியைச் சொல்லவில்லை என்பதும், ஓடிபி பயன்படுத்தப்பட்டது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை வங்கியின் மறுப்புக் கடிதம் கருதவே இல்லை. தொலைக்கட்டுப்பாட்டுச் செயலிகள் வழியாக நடக்கும் இத்தகைய திருட்டைக் குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்திருக்கிறது என்பதால், இது வங்கிகள் கேள்விப்படாத உத்தி என்றும் சொல்ல இயலாது.

வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்பதை மெய்ப்பிக்கும் சுமை வங்கியையே சேரும் என்று 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை தெளிவாகக் கூறுகிறது. ஏமாற்றப்பட்டு ஒரு செயலியை நிறுவியது, கடவுச்சொல்லைப் பகிர்ந்ததற்கு ஈடாகுமா என்பது வாதத்துக்குரியது. கௌஹாத்தி உயர் நீதிமன்றத்தில் எழுந்த வழக்கொன்றில், வாடிக்கையாளர் சேவை அலுவலர் போல் நடித்தவரின் சொல்கேட்டுச் செயலி நிறுவி 94,000 ரூபாய்க்கு மேல் இழந்தவருக்கு வங்கி பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பாகி, 2025 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. ஆனால் அந்த வழக்கில் பொருள் விற்ற நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து தகவல் கசிந்திருந்தது என்பதும், வாடிக்கையாளர் 24 மணி நேரத்திற்குள் வங்கிக்குத் தகவல் தந்திருந்தார் என்பதும், வாடிக்கையாளர்களும் மிகுந்த விழிப்புடன் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சேர்த்துச் சொன்னது என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. அத்தீர்ப்பு வாசகிக்கு உதவலாம். வெற்றிக்கு உறுதி தராது.

இங்கே வாசகியின் நடத்தை குறித்துக் கடுமையாகச் சில சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளி இரவே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்திருந்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை வங்கிகளும் காவல் துறையும் இணைந்து முடக்கும் ஏற்பாடு இயங்கத் தொடங்கியிருக்கும்; திருடர்கள் பணத்தைப் பல கணக்குகளுக்குப் பிரித்து எடுத்துவிடச் சில மணி நேரமே போதும் என்பதால், முதல் சில மணிகளில் வரும் அழைப்புக்கும் மூன்று வாரம் கழித்து வரும் புகாருக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. கிளையில் ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் கையொப்பமும் பெற ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. மகன் கோபிப்பான் என்ற அச்சமும், ஊரார் அறிந்தால் அவமானம் என்ற தயக்கமுமே பத்தொன்பது நாள் தாமதத்திற்குக் காரணம் என்று கடிதம் சொல்கிறது. ஏமாற்றியவனுக்கு இல்லாத வெட்கம் ஏமாந்தவருக்கு ஏன் வர வேண்டும்? வெட்கத்தைக் காரணமாகக் காட்டி எந்த ஆணையத்திலும் கால நீட்டிப்புக் கேட்க இயலாது.

இவற்றினும் பெரிய பிழை, கணினியையும் கைபேசியையும் அழித்துப் புதிதாக்கியது. எந்தச் செயலி நிறுவப்பட்டது, அது எந்த அனுமதிகளைப் பெற்றது, எந்த எண்ணிலிருந்து கோப்பு வந்தது என்பனவெல்லாம் அந்தக் கருவிகளில் இருந்தன. ஓடிபி களவாடப்பட்டது என்ற வாதத்திற்கு நேரடிச் சான்று அவையே. இத்தகைய நேரத்தில் கருவியின் இணையத் தொடர்பைத் துண்டித்து அப்படியே வைத்துக் காவல் துறையிடம் காட்டுவதே முறை. மிஞ்சியிருப்பது கடையின் ரசீதும், தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டுப் பெறக்கூடிய அழைப்பு விவரங்களும், வாட்ஸ்அப்பில் காப்புநகல் இருந்தால் அதுவுமே. மின்னணு ஆவணம் எதுவாயினும், சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி உரிய சான்றிதழ் இணைத்தே தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், திரைப்பிடிப்புகளைத் தாளில் அச்சடித்து நீட்டுவது மட்டும் போதாது.

தாமதமானாலும் காவல் புகார் அவசியமே. 1930இலோ தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ பதிந்து, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நேரிலும் புகார் தர வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66சி பிரிவு பிறருடைய கடவுச்சொல் முதலியவற்றை நேர்மையின்றிப் பயன்படுத்துவதையும், 66டி பிரிவு கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதையும் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களாக்குகின்றன. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 319ஆம் பிரிவுகளும் பொருந்தக்கூடும்.

வங்கிக்கு எதிரான பரிகாரத்தைப் பொறுத்தவரை, எழுத்துமூலமான மறுப்பு கையில் இருப்பதால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்குக் கால வரம்பு உண்டு. சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்கீழ், மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் தீர்ப்பளிக்கும் அதிகாரியாக அமர்ந்து இழப்பீடு வழங்கும் வழியும் இருக்கிறது. வங்கியிலிருந்து வந்தது போன்ற பொய் மின்னஞ்சலைக் காட்டிக் கடவுச்சொல்லைக் கவரும் ‘ஃபிஷிங்’ என்ற உத்தியால் பணமிழந்த தூத்துக்குடி வாடிக்கையாளர் ஒருவருக்கு, 2010 ஏப்ரலில் தமிழ்நாட்டில் இவ்வழியே 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் வழங்க ஆணையிடப்பட்டது; வங்கியின் மேல்முறையீடு 2019இல்தான் முடிவுக்கு வந்தது. இவ்வழிகளுள் எதை முதலில் தேர்ந்தாலும் மற்றொன்றின் கதவு அடைபட வாய்ப்புண்டு என்பதால், ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் மனு அனுப்புவது தவறு.

ரிசர்வ் வங்கியின் விதிகள் அவ்வப்போது தொகுக்கப்பட்டும் திருத்தப்பட்டும் வருவதால், பணம் போன நாளில் நடைமுறையிலிருந்த வாசகமே வாசகிக்குப் பொருந்தும். அதை ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பாராமல் இந்தப் பதிலை மட்டும் நம்பி எந்த மனுவிலும் கையொப்பமிடலாகாது. கணக்கு அறிக்கை, வங்கியின் மறுப்புக் கடிதம், அட்டை முடக்கம் தொடர்பாகக் கிடைக்கும் எந்தத் துண்டுத்தாளும், கடை ரசீது ஆகியவற்றுடன் இந்த வாரத்திற்குள் வழக்கறிஞர் ஒருவரை நேரில் சந்திப்பது இன்றியமையாதது. கட்டணம் தடையாக இருக்குமாயின், சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. திண்டுக்கல் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழு அலுவலகத்தில் அதற்கான மனுவை அளிக்கலாம்.