முழங்கால் வலிக்குத் தண்ணீரில் பயிற்சி

நாற்பத்தைந்து, ஐம்பது வயதைத் தாண்டிய பின் இஸ்தோப்பில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்க்காதவர்கள் எங்கள் லயங்களில் குறைவு. கூடையோடு மலை இறங்கும்போது "சுருக்" என்று குத்தும். காலையில் எழுந்ததும் மூட்டு பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் நடந்தால் இளகும். மடக்கி நிமிர்த்தினால் உள்ளே நெறுநெறு என்று சத்தம் வரும். இதை டாக்டர்மார் மூட்டுத் தேய்வு, 'ஒஸ்டியோ ஆத்ரைட்டிஸ்' என்கிறார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்கும் இது வரும், அவர்கள் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

வலியைச் சொன்னால் பேர் போய்விடும் என்று பயந்து, கடையில் வலிமாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் பலர். டைக்குளோபெனாக் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், பிரஷர் ஏறும், சிறுநீரகமும் கெடும். முழங்காலைக் காப்பாற்றப் போய் சிறுநீரகத்தை இழப்பது என்ன கணக்கு?

'தேய்வு' என்ற சொல்லே நம்மைக் குழப்புகிறது. ஸ்டோர் மெசின் பல்சக்கரம் மாதிரி, ஓடினால் தேயும், நிறுத்தினால் மிஞ்சும் என்று நினைத்து, லீவு நாளில் காலை நீட்டிப் படுத்துவிடுகிறோம். மூட்டு அப்படிப்பட்டதல்ல. எலும்பின் நுனியில் இருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்துதான் அது சத்தை எடுக்கிறது. அழுத்தும்போது கழிவு வெளியே போகும், விடும்போது புது நீர் உள்ளே ஊறும், ஸ்பொஞ்ச் மாதிரி. அசையாமல் கிடந்தால் அதற்குச் சாப்பாடு இல்லை. அதோடு தொடையின் முன்பக்கத் தசையும் மெலியும். அது மெலிந்தால் உடம்புப் பாரம் எல்லாம் மூட்டிலேயே விழும்.

அசையச் சொன்னால், "வலிக்குதே, எப்படி அசைக்கிறது?" என்றுதான் கேட்பீர்கள். அதற்குத்தான் தண்ணீர். தண்ணீர் உடம்பைத் தூக்கிப் பிடிக்கும். 60 கிலோ உள்ள ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் காலில் இறங்குவது ஏறக்குறைய பாதிப் பாரம். நெஞ்சளவு என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பாரம் குறைகிறது, ஆனால் தண்ணீர் காலை எதிர்த்துத் தள்ளுவதால் தசைக்கு வேலை கிடைக்கிறது. வேகமாக அசைத்தால் எதிர்ப்பும் கூடும், வலித்தால் மெதுவாக்கலாம். ஆஸ்பத்திரிக் குளங்களில் தண்ணீரை 33, 34 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்து, பிடித்துக்கொள்ளக் கம்பியும் போட்டிருப்பார்கள். முன்னே, பின்னே, பக்கவாட்டில் நடப்பது, குதிகாலைப் பின்னால் தூக்குவது, கம்பியைப் பிடித்து அரைவாசி உட்கார்ந்து எழும்புவது, இவைதான் பயிற்சி.

2016இல் வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்வுக்கான 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தண்ணீர்ப் பயிற்சியால் வலி கொஞ்சம் குறைகிறது, நடமாட்டம் கொஞ்சம் கூடுகிறது என்று கண்டது. கொஞ்சம்தான், அதுவும் குறுகிய காலத்துக்கு. அற்புதம் என்று யாராவது விற்க வந்தால் காசு கொடுக்காதீர்கள்.

சரி, நமக்குக் குளம் எங்கே? மலையாற்றிலும் நீர்த்தேக்கத்திலும் இறங்கவே வேண்டாம். தண்ணீர் குளிர்ந்து தசையை இறுக்கும், இழுப்பும் பாசிக்கல்லும் ஆளைச் சாய்க்கும். கிழக்குப் பக்கம் சுற்றுலா போகிறவர்களுக்குப் பாசிக்குடா நல்ல இடம். கடல் அமைதியான மாதங்களில் வெகுதூரம் இடுப்பளவுதான் ஆழம், தண்ணீரும் இளஞ்சூடு. கூட ஒருவரை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நடந்து பாருங்கள். கன்னியா வெந்நீரூற்று வேறு விஷயம். அங்கே வாளியில் அள்ளி ஊற்றுவது உடம்புக்கு இதம் தரும், பயிற்சி ஆகாது.

வருஷத்தில் ஒருநாள் கடலில் நடந்து ஒன்றும் ஆகிவிடாது. தரையில் ஒழுங்காகச் செய்கிற பயிற்சியும் இதே பலனைத் தரும். ஆகவே வீட்டில் சுடுதண்ணீரையும் தரைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்வோம். வேலை விட்டு வந்து, துவாயைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து முழங்காலைச் சுற்றிக் கால்மணி நேரம் வையுங்கள். சூட்டை முழங்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குச் சூடு தெரியாமல் தோல் வெந்துபோகலாம். பிறகு காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய சாக்கை வைத்து, அதைக் கீழே அமுக்கி ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள், பத்துத் தடவை. அடுத்து வாங்கில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, அதே மாதிரி பிடியுங்கள். பழகிய பின் கையை ஊன்றாமல் வாங்கிலிருந்து எழும்பி உட்காருங்கள். பயிற்சி நேரம் கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம். இரண்டு மணி நேரம் கழித்தும் வலி கூடியே இருந்தால் மறுநாள் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆறு வாரம் விடாமல் செய்யாமல் பலனை எதிர்பார்க்காதீர்கள்.

படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலிக்கிற கால் முன்னே. கம்பு ஊன்றினால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். இது பலருக்குத் தெரிவதில்லை.

மூட்டு சிவந்து, கொதித்து, காய்ச்சலும் வந்தால், அல்லது விழுந்த பின் கால் ஊன்ற முடியாவிட்டால், இது எதுவும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றவர்கள் கிளினிக்கில் பிசியோதெரபிக்குத் துண்டு எழுதித் தரும்படி கேளுங்கள். எக்ஸ்ரேயில் தேய்வு அதிகம் என்று சொன்னால் மனம் விடவேண்டாம், படத்துக்கும் வலிக்கும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. போகும்போது கடையில் வாங்கிப் போட்ட மாத்திரை அட்டைகளையும் மறைக்காமல் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.