பதினாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை

இரவு வானில் தனுசு ராசி தோன்றும் திசையில் பால்வீதி சற்று அடர்ந்து வெண்புகைபோல் தெரியும். அத்திசையில், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால், நம் பால்வீதியின் மையம் உள்ளது. அங்கே மாபெரும் கருந்துளை ஒன்று இருக்கிறது. ஒளியைக்கூட வெளியே விடாத ஒன்றை எவ்வாறு அறிவது? அதனைச் சுற்றி ஓடும் விண்மீன்களைக் கவனித்தே அறிந்தார்கள். ஆனால் தொலைநோக்கியைத் திருப்பியவுடன் தெரிந்துவிடும் காட்சியன்று அது. ஆண்டு, மாதம், இரவு, மணி என அனைத்தையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

அவ்விண்மீன்களுள் ஒன்றின் பெயர் எஸ்-2. அது கருந்துளையை ஒருமுறை சுற்றிவர 16 ஆண்டுகள் ஆகின்றன. அதன் பாதை நீண்ட நீள்வட்டம். அப்பாதையின் சராசரி ஆரம், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப்போல் சுமார் 1,000 மடங்கு. கெப்ளரின் மூன்றாம் விதியை மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்தோம் அல்லவா? அதை இங்கே போட்டுப் பார்ப்போம். 1,000-இன் கனம் 100 கோடி. 16-இன் வர்க்கம் 256. முன்னதைப் பின்னதால் வகுத்தால் சுமார் 39 லட்சம் வருகிறது. அதாவது, நடுவில் இருப்பது ஏறக்குறைய 40 லட்சம் சூரியன்களின் நிறை! இக்கணக்கை நோட்டில் போட்டுப் பார்த்த அன்று எங்களில் ஒருவராலும் நம்ப முடியவில்லை.

இப்போது இடையூறுகளைப் பார்ப்போம். முதலாவது தூசி. நமக்கும் மையத்துக்கும் இடையே உள்ள தூசி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை முற்றிலுமாக விழுங்கிவிடுகிறது. அகச்சிவப்புக் கதிர்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு தப்பி வருகிறது. ஆகவே அகச்சிவப்புக் கருவிகளே பயன்படும்.

இரண்டாவது, நம் காற்று. எஸ்-2 ஓடும் முழுப்பாதையும் இங்கிருந்து பார்க்க, 20 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த ஒரு ரூபாய் நாணயத்தின் அகலமே இருக்கும். காற்றின் அசைவு அதனைக் கலைத்துவிடும். இதற்காக, வினாடிக்குப் பல நூறு முறை வளைந்து கொடுக்கும் கண்ணாடியைத் தொலைநோக்கியில் பொருத்துகிறார்கள். காற்று எப்படிக் கலைக்கிறது என்பதைக் கண்ணாடிக்குக் காட்ட அருகில் ஒரு வழிகாட்டி விண்மீன் வேண்டும். தக்க விண்மீன் இல்லாதபோது லேசர் கதிரை மேலே செலுத்தி, 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள சோடியம் அணுக்களை ஒளிரச் செய்து, விண்மீனைத் தாங்களே உண்டாக்கிக் கொள்கிறார்கள்!

மூன்றாவது இடையூறு நம் சூரியனே. மார்கழியில் சூரியன் தனுசு ராசியில் நிற்பதாகப் பஞ்சாங்கம் சொல்லும். பால்வீதியின் மையமும் அங்கேதான் உள்ளது. ஆகையால் நமக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை விடும் நாட்களில், சூரியனோடு சேர்ந்து அதுவும் பகலில் உதித்து மாலையில் மறைந்துவிடும். மார்ச் முதல் செப்டம்பர்வரைதான் நல்ல பருவம். இடமும் முக்கியம். சிலி நாட்டின் பரனால் குன்றில் அது ஏறத்தாழ உச்சிக்கே வரும். ஹவாய்த் தீவின் மௌனா கீ மலையிலோ பாதி உயரம்கூட ஏறாது. ஆயினும் அம்மலை 4,200 மீட்டர் உயரமானது, காற்றும் தெளிவானது.

ஜெர்மனியைச் சேர்ந்த ரைன்ஹார்ட் கென்சல் குழுவினர் 1992 முதல் சிலியிலும், அமெரிக்காவின் ஆண்ட்ரியா கெஸ் அம்மையார் குழுவினர் 1995 முதல் ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியிலும் இவ்விண்மீன்களைப் பின்தொடர்ந்தனர். 2002-இல் எஸ்-2 கருந்துளையை நெருங்கிய வேளையில், பரனாலில் புதிய கருவியைப் பொருத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. சற்றுத் தாமதித்திருந்தால் 16 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

ஆகவே அடுத்த வருகையான 2018-க்கு எல்லாம் முன்னரே ஆயத்தமாயின. பரனாலில் 8.2 மீட்டர் கண்ணாடி கொண்ட நான்கு தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாக இணைத்தனர். மூன்று தருணங்களை விடாமல் அளக்க வேண்டியிருந்தது. மார்ச்சில் விண்மீன் நம்மைவிட்டு மிக வேகமாக விலகும். மே 19 அன்று கருந்துளைக்கு மிக அருகே வரும். செப்டம்பரில் நம்மை நோக்கி மிக வேகமாக வரும். மார்ச்சில் விடியலுக்கு முன் சில மணி நேரமும், செப்டம்பரில் மாலை இருட்டியபின் சில மணி நேரமும்தான் கிடைக்கும். மேகம் சூழ்ந்தால் அந்த இரவு போனதுதான். நல்ல வேளையாக மூன்று தருணங்களும் ஒரே பருவத்துக்குள் அமைந்தன. நெருக்கம் டிசம்பரில் நேர்ந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்?

அன்று எஸ்-2 வினாடிக்கு 7,600 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறந்தது. அதன் ஒளி, ஐன்ஸ்டீன் கூறியபடியே சிவப்புப் பக்கம் சற்று அதிகமாக நகர்ந்திருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் நீள்வட்டம் ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்கு திரும்புவதும் 2020-இல் வெளியாயிற்று. அவ்வாண்டு கென்சலும் கெஸ் அம்மையாரும், ரோஜர் பென்ரோசுடன் நோபல் பரிசு பெற்றனர். இயற்பியலில் அப்பரிசு பெற்ற நான்காவது பெண்மணி கெஸ் என்று அறிந்தபோது எங்கள் வகுப்பில் கரவொலி எழுந்தது. நான்குதானா என்று ஒருத்தி கேட்டாள். அதுவும் நியாயமான கேள்விதான்.

எஸ்-2 மீண்டும் 2034-ஆம் ஆண்டின் நடுவில் கருந்துளையை நெருங்கும். அப்போது தனுசு ராசி இரவு முழுவதும் வானில் இருக்கும். பரனாலுக்கு அருகே 39 மீட்டர் கண்ணாடியுடன் ஒரு பெருந்தொலைநோக்கி கட்டப்பட்டு வருகிறது. அவ்வாண்டின் மார்ச் மாத விடியற்காலைகளை யாருக்கு ஒதுக்குவது என்பதை அதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.