சப்ரும் ஷுக்ரும்: இப்னு பதூதாவின் பயணப் பாடம்

பயணம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்பார்கள். அது எவ்வாறு என்று அறியும் ஆவலில், இப்னு பதூதாவின் பயண நூலான 'ரிஹ்லா'வில் நம் நாட்டையும் அதன் அயலையும் பற்றிய பகுதிகளைப் படித்தேன். அவற்றில் நான் கண்டதை இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்த அவர், 1325இல் ஹஜ்ஜுக்காகத் தனியே புறப்பட்டார். பெற்றோரைப் பிரிந்தது மனதை வாட்டியதாக அவரே சொல்கிறார். 1344இல் மாலைதீவிலிருந்து புத்தளத்தில் வந்து இறங்கினார். அங்கிருந்த ஆரியச்சக்கரவர்த்தி முத்துக்களும் மணிகளும் தந்து உபசரித்தபோதும், அவர் வேண்டிக் கேட்டது பாவா ஆதம் மலையைத் தரிசிக்கும் வசதியை மட்டுமே. மன்னர் பல்லக்கும், துணைக்கு யோகியரையும் பிராமணரையும் கொடுத்தனுப்பினார்.

மலை உச்சியில் நின்றபோது மேகங்கள் தமக்குக் கீழே கிடந்ததை அவர் வியந்து எழுதுகிறார். ஆனால் அந்த அழகுக்குச் செல்லும் வழியில் பாறையில் பத்துச் சங்கிலிகள் இருந்தன. பத்தாவதன் பெயர் கலிமாச் சங்கிலி. அங்கிருந்து கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோமோ என்று அஞ்சிக் கலிமாவை மொழிவாராம். அழகும் அச்சமும் ஒரே இடத்தில், ஒரே நினைவுக்கு அவரை அழைத்துச் சென்றன.

அடுத்து வந்தவை சோதனைகள். சோழமண்டலக் கரையருகே கப்பல் உடைந்தது. மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்தது. அவரும் கடும் காய்ச்சலில் விழுந்தார். புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பிழைத்தார். பின்னர் மேற்குக் கரையில் கடற்கொள்ளையர் இலங்கை மன்னர் தந்த மணிகள் உட்பட அனைத்தையும் பறித்தனர். உடுத்த உடை மட்டுமே மிஞ்ச, அவர் கோழிக்கோட்டுப் பள்ளிவாசலை அடைந்தார். அங்கே ஒரு மார்க்க அறிஞர் அங்கி அனுப்பினார். காழியார் தலைப்பாகை அனுப்பினார். ஒரு வணிகர் இன்னோர் அங்கி அனுப்பினார். பறித்த கைகளை எழுதிய அதே பேனா, கொடுத்த கைகளையும் மறக்காமல் எழுதியது. இதைத்தான் நான் ஷுக்ர் என்பேன்.

அவர் எதற்கும் கலங்காத கல் மனிதர் அல்லர். மதுரை சுல்தான் அவருக்கு உறவினர், விருந்தளித்தவரும்கூட. ஆயினும் அந்தச் சுல்தான் பெண்களையும் பிள்ளைகளையும் கொல்வித்ததை மிகக் கொடிய செயல் என்று தம் நூலில் கண்டித்திருக்கிறார். தாய்நாடு திரும்பும் வழியில், தாயார் கொள்ளைநோயில் மறைந்த செய்தி கேட்டு, தாஞ்சியர் சென்று கப்றை ஸியாரத் செய்தார். எம்பெருமானார் (ஸல்) அவர்களும் தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் விட்டார்கள். ஆகவே, சப்ர் என்பது அழாமல் இருப்பதோ, அநியாயத்தைக் கண்டு வாய்மூடி இருப்பதோ அல்ல. துயரத்திலும் இறைவனின் மீதுள்ள நம்பிக்கையைக் கைவிடாமல் இருப்பதே சப்ர்.

கிழக்குக் கரையில் பயணம் செய்யும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும்: 2004இல் இத்தனை உயிர்களைக் கொண்டுபோன கடலை ரசிப்பது சரியா? ரசிக்கலாம் என்றே இப்போது எண்ணுகிறேன், சகோதரிகளே! கடலைப் பார்த்து 'சுப்ஹானல்லாஹ்' என்று சொல்லும் அதே நாவு, அதில் மாண்டவர்களுக்காக ஒரு துஆவும் கேட்கட்டும். ஒன்றுக்காக மற்றொன்றை மறக்காத மனமே சமநிலை கண்ட மனம்.