குலுக்கை: வைக்கோலும் மண்ணும் கூடிய கலம்

மட்கலம் என்றவுடன் குயவரின் சக்கரமும் சூளையும் நம் நினைவில் எழும். இவ்விரண்டும் இன்றியே உருவாகும் கலங்களும் உள. நெல்லைச் சீமைக் கரிசற்காட்டு இல்லங்களில் தானியம் சேமிக்கப் பயன்பட்ட குலுக்கை அவற்றுள் தலையாயது. புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவில் வழியே கோவில்பட்டி நோக்கிச் செல்லச் செல்லக் கரிசல் விரியும். அப்பகுதி முதியோர்க்கு இக்கலம் புதியதன்று; மாணவர் பலர்க்கோ பெயரளவிலும் அறிமுகம் இல்லை.

ஆளுயரக் கலத்தைச் சக்கரத்தில் வனைதல் அரிது. கையாலேயே எழுப்புதல் வேண்டும். வெறுங்களிமண் உலரும்போது சுருங்கி வெடிக்கும். கரிசல் மண் இன்னும் மிகுதியாகச் சுருங்கும். கோடையில் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும் கரிசல் நிலத்தைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இவ்வெடிப்பைத் தடுப்பதே வைக்கோலின் பணி. நறுக்கிய வைக்கோலை மண்ணோடு கலந்து, நீர்விட்டு ஊறவைத்து, காலால் மிதித்துப் பதப்படுத்துவர். நார்கள் எல்லாத் திசையிலும் மண்ணைப் பிணைத்து நிற்பதால், சுருக்கம் ஓரிடத்தில் திரண்டு பெரும்பிளவு ஆவதில்லை.

பதமான மண்ணை வளையம் வளையமாக வைத்து, கீழ்வளையம் இறுகிய பின்னரே மேல்வளையத்தை ஏற்றுவர். அவசரப்பட்டால் சுவர் சரிந்துவிடும். அடியில் கை நுழையும் அளவு துளை ஒன்று இருக்கும். மேல்வாய் வழியே கொட்டிய கம்பும் சோளமும் வேண்டும்போது அத்துளை வழியே இறங்கும். பழைய தானியம் முதலிற் செலவாகப் புதியது மேலே தங்கும் இவ்வமைப்பு எண்ணி மகிழத்தக்கது.

இத்தகைய கலவையைச் சுட்டால் நேர்வது வேறு. காவல் தெய்வக் கோயில்களுக்கு வேளார் செய்யும் சுடுமண் குதிரைகளிலும் மண்ணோடு மணலும் உமியும் சேர்ப்பது உண்டு. தடித்த மண்ணுள் இருக்கும் ஈரம் வெளியேற உமி வழி செய்யும். பின்னர்ச் சூளையில் தானும் எரிந்துபோய் நுண்துளைகளை மட்டும் விட்டுச்செல்லும். மண் கல்லாகிறது, நார் மறைகிறது.

குலுக்கை சுடப்படுவதில்லை. ஆய்வாளர்க்கு இடர்ப்பாடு இங்கேதான். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ அகழ்ந்தபோதும், 2004-05 அகழாய்விலும் ஈமத்தாழிகள் பல வெளிவந்தன. கிள்ளிவளவனைக் கவிக்கும் தாழியை வனைய இயலுமோ எனக் குயவரை ஐயூர் முடவனார் வினவும் புறநானூற்று 228ஆம் பாட்டிற்கு மண்ணே உரை எழுதியது போலாயிற்று. சிவகளைத் தாழியினுள் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது. இறந்தார்க்குரிய கலம் உமியையும் காத்துத் தந்தது. வாழ்வார்க்குச் சோறளித்த சுடாத கலமோ மழையிற் கரையும். அதன் வைக்கோல் மட்கும். ஏணியும் எட்டாத நெற்கூடுகளைப் பெரும்பாணாற்றுப்படை பாடுகிறது. அத்தகைய சேமிப்பிற்குச் சொல்லே பெருஞ்சான்று.

அச்சொல்லும் தேய்ந்து வருகிறது. 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்னும் பழமொழியைக் குதிரையே காணாதோரும் வழங்குகிறோம். இங்குக் குதிர் என்பது பரிக்குரிய சொல் அன்று என்பதையும் வகுப்பில் விளக்க நேர்கிறது! குலுக்கைக்குக் குதிர் எனப் பொருள் கூறி அகரமுதலிகள் கடந்துவிடும். எத்தனை கூடை மண்ணுக்கு எத்தனை கட்டு வைக்கோல், எத்தனை நாள் ஊறல், துளையடைப்பிற்கு ஊர்தோறும் என்ன பெயர் என்பவற்றைக் குலுக்கை எழுப்பிய முதியோரிடமே கேட்டறிதல் வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒரு குறிப்பேட்டுடன் செல்லட்டும்.