நேற்றுவரை ஒத்துக்கொண்ட மீன்

அன்புள்ள சகோதரிக்கு,

உச்சிப்புளியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. முதலில் சூரை மீன் ஒத்துக்கொள்ளவில்லை, பிறகு கருவாடு, அப்புறம் ஊதுபத்திப் புகை. இப்போது வெயிலில் பஸ்ஸுக்கு நின்றாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வயிறு கலங்கிவிடுகிறது என்கிறீர்கள். மாஸ்ட் செல் நோயாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து பயந்துபோய் ஒவ்வொன்றாக விட்டு, கஞ்சியும் தேங்காய்த் துவையலுமே சாப்பாடு என்றாகிவிட்டது. போதாக்குறைக்கு வீட்டில், “எல்லாம் மனசுதான்” என்ற பேச்சு வேறு. அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இந்தக் கடிதத்தை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

மாஸ்ட் செல் எல்லோர் உடம்பிலும் உண்டு. தோல், மூச்சுக்குழாய், குடல் என்று வெளியுலகம் வந்து தொடுகிற இடங்களில் நிறைய இருக்கும். 1878-இல் ஜெர்மானியரான பால் எர்லிக் தம் முனைவர் பட்ட ஆய்வில் இதை விவரித்தார். ஹிஸ்டமின், டிரிப்டேஸ் போன்ற பொருள்களை உள்ளே சேர்த்துவைத்திருக்கும். ஆபத்து என்று பட்டால் கொட்டிவிடும். சிலருக்கு இந்தச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. அதுதான் மாஸ்டோசைட்டோசிஸ், பெரியவர்களில் பெரும்பாலோருக்கு ‘கிட்’ என்ற மரபணுவில் நேர்ந்த மாற்றமே அதற்குக் காரணம். வேறு சிலருக்குச் செல்கள் பெருகாமலேயே, சின்னத் தூண்டலுக்கும் கொட்டிவிடுகின்றன.

வெயில், சுடுதண்ணீர்க் குளியல், காய்ச்சல், தூக்கமின்மை, மாதவிடாய், குளவிக் கொட்டு, கரிமூட்டப் புகை எல்லாமே தூண்டக்கூடியவை. இவற்றில் இரண்டு மூன்று ஒரே நாளில் சேர்ந்தால், நேற்று ஒத்துக்கொண்ட சாப்பாடு இன்று ஒத்துக்கொள்ளாமல் போகும். புதிது புதிதாக ஒவ்வாமை முளைப்பதுபோலத் தோன்றுவதில் பாதி இப்படித்தான் என்பது என் எண்ணம். மனவுளைச்சலும் தூண்டும், உண்மைதான். அதற்காக நோயே மனசில்தான் என்றாகிவிடாது.

இனி மீனுக்கு வருகிறேன். உங்கள் கரையில் மீனை விடச் சொல்வது சாப்பாட்டையே விடச் சொல்வதுதான். சூரை, காணாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீனை உடனே ஐஸில் போடாமல் வெயிலில் கிடக்கவிட்டால், பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அப்படி உண்டான ஹிஸ்டமின் கொதிக்கவைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, உப்புப் போட்டுக் காயவைத்தாலும் போகாது. கெட்ட நாற்றம்கூட இல்லாமல் இருக்கலாம். நல்ல உடம்புக்காரர்களே அதிகம் ஹிஸ்டமின் சேர்ந்த மீனைத் தின்றால் முகம் சிவந்து, தலைவலி, வாந்தி என்று படுத்துவிடுவார்கள். உங்களுக்கு மாஸ்ட் செல் நோய் இருந்தால், செல்கள் ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருக்கும். மேலும் கொஞ்சம் வந்தாலே தாங்காது.

ஆகவே உங்களுக்கு ஆகாதது மீன் என்ற இனமேதானா, கரைக்கு வந்து நேரமான மீனா என்று பார்க்காமல் எல்லாவற்றையும் விடாதீர்கள். விளமீன், நகரை போன்ற வெள்ளைச் சதை மீன்களில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் நீங்களாக வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம். மீனின் புரதத்துக்கே ஒவ்வாமை இருந்தால் எவ்வளவு புதிய மீனானாலும் ஆபத்து. முதலில் ஒவ்வாமை மருத்துவரிடம் அதற்கான பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாஸ்ட் செல் நோயை உறுதிப்படுத்தாமலேயே உணவைக் குறைத்துக்கொண்டு போவதுதான் எனக்குக் கவலை. எடையும் தெம்பும் போன பிறகு எந்த வைத்தியமும் கடினம்.

உறுதிப்படுத்த வழி இருக்கிறது. தொந்தரவு தொடங்கி நான்கு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து டிரிப்டேஸ் பார்க்க வேண்டும். முழுதாகக் குணமாகி ஒரு நாளாவது கழிந்த பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும். சாதாரண நாளின் அளவோடு அதில் ஐந்தில் ஒரு பங்கையும், மேலும் 2-ஐயும் கூட்டுங்கள். தொந்தரவு நேர அளவு அந்தக் கூட்டுத்தொகையை எட்டினால் செல்கள் கொட்டியிருக்கின்றன என்று பொருள். சாதாரண நாளில் 5 இருப்பவருக்கு 8 வந்தாலே போதும். பல பரிசோதனைக் கூடங்கள் 11.4 வரை இயல்பு என்று அச்சிடுவதால், அந்த 8-ஐத் தனியாகப் பார்ப்பவர் ‘நார்மல்’ என்று அனுப்பிவிடுவார். இரண்டு தாள்களையும் சேர்த்துக் காட்டுங்கள். தேய்த்தால் தடிக்கிற பழுப்புப் புள்ளிகள் தோலில் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. நம் ஊரில் உடம்பு வலி என்று போனாலே டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுவிடுவார்கள். இந்த நோயுள்ள சிலருக்கு அந்த வகை வலிமருந்துகளும், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகளும், மயக்க மருந்தோடு தரும் சில தசைத்தளர்த்திகளும் செல்களைத் தூண்டிவிடும். எங்கு சிகிச்சைக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் வகை மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். அது அவசர மருந்தான அட்ரினலினின் வேலையைத் தடுக்கக்கூடும்.

மூச்சு திணறினாலோ, தலைசுற்றி விழப்போவதுபோல் இருந்தாலோ செட்டிரிசின் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். கால்களை உயர்த்திப் படுத்துக்கொண்டு, மூச்சு முட்டினால் உட்கார்ந்தபடி, 108-ஐ அழையுங்கள். தேவைப்படுவது தொடைத் தசையில் போடும் அட்ரினலின். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே போய் உங்கள் நிலையை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். வீட்டுக்காரரையும் கூட அழைத்துப் போங்கள். டாக்டர் சொல்வதை அவரும் காதால் கேட்கட்டும். டிரிப்டேஸ் முடிவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்