சிறு நட்டும் பெரும் பொறுப்பும்

'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது பழமொழி. அன்றைய தேருக்கு அச்சாணி எப்படியோ, அப்படியே இன்றைய இயந்திரங்களுக்குத் திருகாணியும் நட்டும். மிதிவண்டி முதல் விமானம் வரை பற்பல பாகங்களை இவையே பிணைத்து வைக்கின்றன. உருவில் சிறியவை என்பதால், கைக்குக் கிடைத்ததைப் பூட்டினால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் எத்தகைய ஆபத்தை விளைவிக்கும் என்பதை 1990ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு விபத்து உணர்த்துகிறது.

அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலிருந்து ஸ்பெயின் நாட்டை நோக்கி ஒரு விமானம் புறப்பட்டது. அதில் 87 பேர் இருந்தனர். விமானம் 17,000 அடி உயரத்தைக் கடந்தபோது, விமானியின் முன்னிருந்த கண்ணாடி திடீரெனப் பெயர்ந்து பறந்தது. விமானியின் உடலில் பாதி வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவரை விடாமல் இறுகப் பற்றிக்கொண்டனர். துணை விமானி மனந்தளராமல் விமானத்தைச் செலுத்திச் சவுத்தாம்டன் நகரில் தரையிறக்கினார். படுகாயமுற்ற விமானி உட்பட அனைவரும் உயிர் பிழைத்தனர்.

விசாரணையில் உண்மை வெளிவந்தது. விமானம் புறப்படுவதற்குச் சுமார் ஒரு நாளைக்கு முன்புதான் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த 90 திருகாணிகளுள் 84 உரிய அளவைவிட மெல்லியவை. குறுக்களவில் இருந்த வேறுபாடு ஏறத்தாழ 0.66 மில்லிமீட்டர் மட்டுமே! பராமரிப்புப் பணியில் ஈடுபட்டவர், பாகங்களின் பட்டியலைப் பார்க்காமல், பழைய திருகாணியோடு கண்ணால் ஒப்பிட்டே புதியவற்றைத் தேர்ந்தெடுத்திருந்தார். இரண்டிலும் புரிகளுக்கு இடையே உள்ள தூரம் ஒன்றுதான். ஆகவே, மெல்லிய திருகாணியும் நட்டுக்குள் தடையின்றிச் சுழன்று சென்றது. ஆனால், நட்டின் புரிகள் அதனைப் போதிய அளவு கவ்வவில்லை. உயரே செல்லச் செல்ல வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்தது. உள்ளிருந்த காற்றழுத்தம் கண்ணாடியை வெளியே தள்ளியது. திருகாணிகளின் பிடி விட்டுப்போனது.

மரத் திருகாணி கூரிய முனையால் மரத்தில் தனக்கெனத் தானே வழி அமைத்துக்கொள்ளும். இயந்திரத் திருகாணியோ அவ்வாறன்று. அதன் தண்டு ஒரே பருமனாக இருக்கும். அதற்கேற்ற புரியுடைய நட்டோ துளையோ இருந்தால்தான் அது பிடித்து நிற்கும். எனவே, நட்டைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் இரண்டு அளவுகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, திருகாணியின் குறுக்களவு. மற்றொன்று, அடுத்தடுத்த இரு புரிகளுக்கு இடையே உள்ள தூரம். எடுத்துக்காட்டாக, வழக்கமான 'எம்5' திருகாணியின் குறுக்களவு 5 மில்லிமீட்டர். புரி இடைவெளி 0.8 மில்லிமீட்டர். அமெரிக்க முறைப்படி செய்யப்பட்ட '10-32' திருகாணி ஏறக்குறைய 4.83 மில்லிமீட்டர் குறுக்களவும் 0.79 மில்லிமீட்டர் புரி இடைவெளியும் கொண்டது. இவ்விரண்டையும் கண்ணால் மட்டும் பார்த்துப் பிரித்தறிவது கடினம். அளவுகோலும் புரி அளவியுமே உண்மையைச் சொல்லும்.

அடுத்து, வலிமையும் பொருந்த வேண்டும். '8.8' என்று பொறிக்கப்பட்ட எஃகுத் திருகாணிக்கு '8' என்ற குறியுள்ள நட்டு ஏற்றது. வலிமை குறைந்த நட்டைப் பூட்டினால், திருகாணி உறுதியாக இருந்தும் நட்டின் புரிகள் சிதைந்துவிடும். நீளமும் முக்கியம். இறுக்கிய பின், திருகாணியின் முனை நட்டுக்கு வெளியே குறைந்தது ஒன்றிரண்டு புரிகளாவது நீண்டிருத்தல் நல்லது.

நட்டைப் பூட்டும் முறையிலும் நிதானம் தேவை. தொடக்கத்திலேயே ஸ்பேனரைப் பயன்படுத்தக்கூடாது. முதல் சில சுற்றுகளை விரலால் சுற்ற வேண்டும். இடையில் தடை ஏற்பட்டால், புரிகள் கோணலாகச் சிக்கியிருக்கலாம். அப்போது வலுக்கட்டாயமாகத் திருகாமல், கழற்றிவிட்டு மீண்டும் நேராகத் தொடங்க வேண்டும். மெல்லிய தகடு, நெகிழி போன்றவற்றில் பூட்டும்போது நட்டின் அடியில் வாஷர் இடுவது அழுத்தத்தைப் பரவச் செய்யும். அளவுக்கு மீறி இறுக்கினாலும் புரிகள் அழிந்துபோகும். திருகாணியே முறிவதும் உண்டு.

ஓயாமல் அதிரும் இயந்திரங்களில் சாதாரண நட்டு நாளடைவில் தளரக்கூடும். அத்தகைய இடங்களில் உள்ளே நைலான் வளையம் பதித்த நட்டைப் பயன்படுத்துவர். அவ்வளையம் திருகாணியை இறுகப் பற்றுவதால் நட்டு எளிதில் சுழலாது. இந்நட்டை விரலால் முழுவதும் சுற்ற முடியாது. வளையத்தைத் தொட்டதும் ஸ்பேனர் தேவைப்படும். பலமுறை கழற்றிப் பூட்டினால் நைலான் தேய்ந்து பிடிப்புக் குறையும். அப்போது புதிய நட்டை மாற்றிவிட வேண்டும்.

பள்ளிப் பட்டறையில் நாற்காலியைப் பழுதுபார்க்கும் மாணவருக்கும் விமானத்தைப் பராமரிக்கும் பொறியியலாளருக்கும் விதி ஒன்றே. 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய். தீர விசாரிப்பதே மெய்' என்றனர் முன்னோர். நட்டைப் பொறுத்தவரை, தீர விசாரிப்பது என்பது அளந்து பார்ப்பதே. அதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். அது காப்பதோ பல உயிர்களை.